அருளின் சம்பளம்

அருள் கடைசியாகக் கூப்பிட்டபோது சந்தியாவின் வாயில் பாதி வடை இருந்தது. ஜூலை மாதம். ஆடிட்டர் அலுவலகத்தில் யாரும் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போக முடியாத நாட்கள் அவை. காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக் கடைக்காரர்கள் பதினொரு மாதம் தூங்கிவிட்டு, வருமான வரிக் கணக்குக்கு கடைசித் தேதி நெருங்கும்போதுதான் மஞ்சள் பையில் ரசீதுகளைத் திணித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். சந்தியா கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்றா" என்றாள்.

"பிஸியாக்கா?"

"ஜூலைல ஆடிட்டர் ஆபீசுக்கு போன் போட்டு இந்தக் கேள்வி கேக்குற. நீயெல்லாம் இன்னாடா பிஎச்டி படிக்கிற?"

அவன் சிரித்தான். பின்னால் யாரோ தட்டு கழுவும் சத்தம் கேட்டது. "இல்லக்கா, ஒரே ஒரு டவுட்டு. ஸ்காலர்ஷிப்புக்கெல்லாம் டேக்ஸ் உண்டா? எங்க காலேஜ்ல மாசாமாசம் பத்து பர்சன்ட் புடிச்சிக்கினே இருக்கிறாங்க. கேட்டா ரூல்னு சொல்றாங்க. லேப்ல ஒருத்தன் டேக்சே கிடையாது, ரிட்டர்ன் போட்டா திரும்பி வரும்ங்கிறான். நீ சொன்னா கரெக்டா இருக்கும்."

அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் எந்தத் தலைப்பில் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவனுடைய உத்தரவுக் கடிதத்தைப் படிக்க வேண்டும், ஒரு பத்து நிமிடமாவது உட்கார வேண்டும். எதிரே ஒரு கடை முதலாளி நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொண்ணு முடியட்டும்டா. அப்புறம் உக்காந்து பாக்குறேன். எங்க ஓடிடப் போவுது?"

"சரிக்கா. அவசரம் ஒண்ணும் இல்ல. சாப்ட்டியா?"

"வடை துன்னுக்கினு இருக்கிறேன்."

"அப்ப வச்சிடு. வடைக்கு மரியாதை குடு."

அவ்வளவுதான். அடுத்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சென்னையில் அந்த மாதம் யாருக்குத்தான் வரவில்லை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குப் போயிருக்கிறான். இரத்தப் பரிசோதனை எடுக்கலாம் என்று அறைத்தோழன் சொன்னதற்கு, நாளைக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறான். அந்த நாளைக்கும் போய்விட்டது. டெங்கு என்று கண்டுபிடித்து அரசு மருத்துவமனையில் படுக்க வைத்தபோது தட்டணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. அப்பா கோதண்டபாணி தன்னுடைய குட்டியானைச் சரக்கு வண்டியிலேயே காஞ்சிபுரத்திலிருந்து ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் யாருக்கோ சேர வேண்டிய சேலைக் கட்டுகள் இறக்கப்படாமலே கிடந்தன. திரும்பி வரும்போது அருள் ஆம்புலன்சில் வந்தான். ஜூலை முப்பத்தொன்றாம் தேதி சந்தியா அலுவலகத்தில் இல்லை. ஓரிக்கையில் பிறந்த வீட்டில் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கணக்குகளை ஆடிட்டர் தேவகி மேடம் வேறு யாரையோ வைத்து முடித்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்த அறைத்தோழன் அவனுடைய பெட்டியையும் புத்தகங்களையும் கொண்டுவந்து கொடுத்தான். வெயிலில் வந்திருந்தான், இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தான். போகும்போது வாசல்வரை வழியனுப்ப வந்த சந்தியாவிடம், சொல்லலாமா கூடாதா என்ற முகத்தோடு சொன்னான். "மார்ச்லேர்ந்தே நைட்டு மெஸ் கட் பண்ணிட்டான்க்கா. கேட்டா பசிக்கலன்னுவான். பசிக்காதவன் எங்க ரூம்ல பிஸ்கட்டு பாக்கெட்ட தேடுவானா?" பையன் அதை ஒரு நண்பனைப் பற்றிய வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தான். வேடிக்கையாக வரவில்லை. அவன் தெருமுனை திரும்பும்வரை சந்தியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தம்பிக்கு ஆய்வு உதவித்தொகை கிடைத்த நாளை அவள் மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தாள். தேசிய அளவில் தேர்வு எழுதி வாங்கியது. மாதம் முப்பத்தேழாயிரம். பாலாற்றங்கரை ஊர்களின் நிலத்தடி நீரைப் பற்றி ஐந்து வருடம் படிப்பதற்காக அரசாங்கம் கொடுப்பது. கோதண்டபாணிக்கு அதை எப்படி ஊராரிடம் சொல்வதென்று தெரியவில்லை. நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்று, கடைசியில் ஒரு குட்டியானை வாங்கி, தறி சாமான்களும் சேலைக் கட்டுகளும் ஏற்றி இறக்கிப் பிழைப்பவர் அவர். உட்கார்ந்து படிக்கிறவனுக்கு மாதாமாதம் பணம் வரும் என்பதை அவருடைய வாயில் ஒரே ஒரு சொல்தான் ஏற்றுக்கொண்டது. "எம் புள்ளைக்கு மாசம் முப்பத்தேழாயிரம் சம்பளம்." டீக்கடையில் சொன்னார், பெட்ரோல் பங்கில் சொன்னார், சந்தியாவைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார். தம்பி என்ன செய்கிறார் என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கேட்டபோது, சம்பாதிக்கிறான் என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அருள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு, வந்தவர்களுக்குக் காபி டம்ளர்களை நீட்டினான்.

கல்யாணத்துக்கு ஐந்து லட்சம் தேவைப்பட்டது. தெருக்கோடியில் அங்கம்மாள் நடத்தும் ஏலச்சீட்டில் ஒரு இடம் இருந்தது. மாதம் இருபதாயிரம் கட்ட வேண்டும். யார் பேரில் போடுவது என்று பேச்சு வந்தபோது, யாரும் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான். "எம் பேர்லயே போட்டுடுங்கப்பா. காசு நேரா என் கணக்குலேர்ந்து போயிடும்." நான்காம் மாதம் சீட்டை எடுத்தார்கள். தாலிச் சங்கிலி, வளையல், முகூர்த்தப் புடவை, மண்டப வாடகை எல்லாம் அதில்தான் நடந்தது. மிச்சத் தவணைகளை மாதம் தவறாமல் அவன் கட்டிக்கொண்டு வந்தான்.

அன்றைக்கு அந்தப் பேச்சு நடந்தபோது சந்தியா உள்ளறையில் இருந்தாள். தையற்காரம்மா ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடி எல்லாவற்றையும் கேட்டாள். அப்போதே அவள் ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்திருந்தாள். எது சம்பளம், எது உதவித்தொகை என்பது அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். அப்பா, அது அவன் படிக்கிறதுக்கும் சாப்பிடுறதுக்கும் குடுக்கிற காசு, இப்படிக் கைவைக்கக் கூடாது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். தையற்காரம்மா, "கைய எறக்குமா" என்றாள். அவள் கையை இறக்கினாள்.

அருளின் கைபேசியை அம்மா காந்தா தினமும் சார்ஜ் போட்டு அலமாரியில் வைத்திருந்தாள். ஐப்பசி மழையில் ஒருநாள் அதில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. வருமான வரி என்ற சொல்லை மட்டும் கோதண்டபாணி எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்துவிட்டார். உடனே மகளைக் கூப்பிட்டார். "இன்கம்டாக்ஸ்லேர்ந்து புள்ளைக்கு ஏதோ வந்திருக்குதும்மா. அவன் பேர்ல சர்க்காருக்கு ஒரு ரூபா பாக்கி இருக்கக் கூடாது. எவ்ளோன்னு பாரு. வண்டிய வித்தாவது கட்டிடுறேன்." கல்லூரி பிடித்துக் கட்டிய வரி அவன் கணக்கில் ஏறியிருக்கிறது என்பதுதான் செய்தி. அதை விளக்கினால், அப்படியென்றால் எதற்குப் பிடித்தார்கள் என்பார். அதை விளக்கினால் மற்றதெல்லாம் வரும். "பாக்குறேம்பா" என்று மட்டும் சொன்னாள். தம்பியிடம் சொன்ன அதே சொல்தான் என்பது போனை வைத்த பிறகு உறைத்தது.

அந்த மாதக் கடைசியில் அப்துல் சத்தார் பாய் அலுவலகத்துக்கு வந்தார். ஜரிகை வியாபாரி. வரி கட்ட வரும்போதெல்லாம் தன் கழுத்தைத் தானே தடவிக்கொண்டு, "மெதுவா அறுங்கம்மா" என்பார். அன்றைக்கு மேடம் வெளியே போயிருந்தார்.

"சந்தியாமா, என் சமாச்சாரம் இல்ல இது. என் பொண்ணு நௌஷீனுக்கு காலேஜ்ல ஸ்காலர்ஷிப்பு வந்திருக்குது. வரி உண்டா, இல்லியா? மசூதில மூணு பேர கேட்டேன், மூணு விதமா சொல்றானுங்க. ஒருத்தன், ஜெயிலுன்னே சொல்லிட்டான்."

அவள் வாயிலிருந்து தண்ணீர் மாதிரி வந்தது. படிப்புச் செலவுக்கென்று கொடுக்கிற உதவித்தொகைக்கு வரி இல்லை பாய். எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் இல்லை. வேலை வாங்கிக்கொண்டு அதற்குக் கூலியாகக் கொடுத்து, உதவித்தொகை என்று பேர் வைத்திருந்தால்தான் வம்பு. அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வட்டி வந்தால் வட்டி வருமானம்தான். கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

"அல்ஹம்துலில்லாஹ்! இவ்ளோதானா?" பாய் இன்னும் டீயைக்கூடத் தொட்டிருக்கவில்லை. "இதுக்கா நான் ரெண்டு நாளா தூங்காம கெடந்தேன்? இன்னொரு கூத்தக் கேளு. போன வாரம் சரக்கு எடுக்க கொஞ்சம் கொறஞ்சுது. அவகிட்ட ஐயாயிரம் கைமாத்து கேட்டேன். 'அப்பா, இது அமானத்து, என்ன நம்பி படிக்கக் குடுத்தது, தர மாட்டேன்'னுட்டா. பெத்த அப்பன்கிட்ட! எங்க வீட்டுல எல்லாரும் ஒரு நாள் பூரா என்னப் பாத்து சிரிக்கிறாங்க." சொல்லிவிட்டு அவரும் பெருமையோடு சிரித்தார். சந்தியாவும் சிரித்தாள். அவர் போன பிறகு, பாதி குடித்து வைத்த டம்ளரில் டீ மேல் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டாள்! அந்த மதியம் வடையைக் கீழே வைத்துவிட்டு இதையே சொல்லியிருந்தால், பிடிப்பது நின்றிருக்கும், மாதம் கூட மூவாயிரத்துச் சொச்சம் அவன் கைக்கு வந்திருக்கும், இரவில் சாப்பிட்டிருப்பான். அப்படி ஒன்றும் நடந்திருக்காது, இருந்தது ஒரு வாரம்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மனம் அந்தக் கணக்கை விடுவதாக இல்லை.

மறுநாள் தேவகி மேடமிடம் போய் நின்றாள். மேடம் எல்லாவற்றையும் பார்த்தார். கல்லூரிக் கணக்குப் பிரிவில் யாரோ உதவித்தொகையைத் தொழில்முறைக் கட்டணம் என்று தப்பான தலைப்பில் போட்டுவிட்டிருந்தார்கள். "டிசம்பர் வரைக்கும் டைம் இருக்கு. அம்மாவை வாரிசா ரிஜிஸ்டர் பண்ணி, அவங்க மூலமா ரிட்டர்ன் போடு. புடிச்சது மொத்தமும் திரும்பி வரும். இதுக்கு ஏம்மா இவ்வளவு நாள் வச்சிருந்தே?"

சந்தியா மேசையின் விளிம்பைப் பார்த்தபடி கேட்டாள். "மேடம், அவன் அந்தக் காச படிப்புக்குன்னு செலவு பண்ணலன்னா? வேற எதுக்கோ குடுத்துட்டிருந்தா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். சந்தியாவின் கல்யாணத்துக்கு வந்து, மேடையேறி, புடவையின் கரையைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டியவர் அவர். எதைக் கேட்கிறாள் என்று புரிந்ததா இல்லையா என்பது முகத்தில் தெரியவில்லை. "எதுக்காகக் குடுத்தாங்கங்கிறதுதான் கேள்வி சந்தியா. வாங்கினவன் என்ன பண்ணான்னு சட்டம் கேக்காது. மிச்சம் புடிச்சானா, வீட்டுக்கு அனுப்பினானா, அது அவன் இஷ்டம். யாரும் கேக்க மாட்டாங்க. தைரியமா போடு."

யாரும் கேட்க மாட்டார்கள். அதைக் கேட்டு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வீட்டுக்கு நடந்து போகும்போது, வரதராஜப் பெருமாள் கோயில் மதிலை ஒட்டிய கடைகளில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அபராதம் என்று ஒன்று இருந்திருந்தால் கட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை படிவங்கள் போட்ட அரசாங்கம் அதற்கு மட்டும் ஒரு கட்டம் வைக்கவில்லை. கணவன் குருவிடம் ராத்திரி சொன்னபோது, "நீயா கேட்டு வாங்கின? அவனாத்தான குடுத்தான்" என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

வாரிசுச் சான்றிதழ் வந்து, அம்மாவைப் பதிவு செய்து, டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு ஓரிக்கைக்குப் போனாள். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கோதண்டபாணி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஏதோ அதிகாரி வரப்போவதுபோலக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். விற்றுக் கட்டுவதாகச் சொன்ன வண்டி வாசலில் நின்றது.

"எவ்ளோ கட்டணும்? சொல்லு."

"கட்ட வேணாம்பா. புடிச்ச காசு நமக்குத்தான் திரும்பி வரும். அம்மா கணக்குல போடுவாங்க."

"அது எப்டி? எங்க மொதலாளி லட்சக்கணக்குல கட்றாரு. சம்பளம் வாங்குறவன் எவனுக்கும் வரி உண்டுன்னுதான சொல்றாங்க. புள்ள இல்லன்னு பாவம் பாத்து உடுறானுங்களா? அப்டின்னா வேணாம். கட்டிடு."

இவ்வளவு நேரமும் வழியில் யோசித்து வைத்திருந்த பதில்கள் அவளிடம் இருந்தன. வரம்புக்குள் வருகிறது என்று சொல்லலாம். படிக்கிற பிள்ளைகளுக்குச் சலுகை என்று சொல்லலாம். அவர் நம்பிவிடுவார், அவள் சொன்னால் எதையும் நம்புவார். திரையில் வரிவிலக்குக்கான இடம் நிரப்பப்படாமல் இருந்தது. அதில் கல்வி உதவித்தொகை என்று ஆங்கிலத்தில் அடித்தாள். பக்கத்தில் அவனுடைய முழு வருடத் தொகையை அடித்தாள்.

"அது சம்பளம் இல்லப்பா" என்றாள். "வருமானமே இல்ல. அவன் படிக்கிறதுக்கு, தங்குறதுக்கு, சாப்டுறதுக்குன்னு குடுத்தது. அதான் வரி இல்ல."

கத்தி அவரைக்காயின் மேல் நின்றது. அப்பா சட்டைப் பொத்தானைத் தடவினார். "அவன்தானம்மா சம்பளம்னு சொன்னான்?"

"அவன் சொல்லல" என்றாள் காந்தா. தலையை நிமிர்த்தவில்லை. "அவன் ஒரு நாளும் அப்டி சொல்லல. நாமதான் சொன்னோம்."

"எனக்குத் தெரியும்பா" என்றாள் சந்தியா. "அப்பவே தெரியும். சீட்டு போட்ட அன்னிக்கே."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். கோதண்டபாணி எழுந்தார், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார், பனியனோடு வாசலுக்குப் போய் வண்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துணி கண்ணாடியில் கீச்சுக் கீச்சென்று தேய்ந்துகொண்டே இருந்தது. சந்தியா படிவத்தை அனுப்பியதும், அதை உறுதி செய்யும் ஓடிபி வந்து அம்மாவின் கைபேசி ஒலித்தது. "ஏதோ நெம்பர் வந்திருக்குது பாரு" என்று காந்தா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள். எழுத்து அவ்வளவாக வராது என்றாலும் எண்கள் தெரியும். கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். சந்தியா ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசி எண்ணுக்கு முன்னால் அம்மா நிறுத்தினாள்.

"அந்தக் காசு வந்தா இன்னா பண்றது?"

"தெரியலம்மா."

"சீட்டுக்கு மட்டும் கட்டிடாத" என்றாள் அம்மா. பிறகு கடைசி எண்ணைச் சொன்னாள்.

பணம் பொங்கலுக்கு முன்பே வந்தது. வந்த இடத்திலேயே கிடக்கிறது, யாரும் அதை எடுக்கப் போகவில்லை. ஆகஸ்டிலிருந்து சீட்டுத் தவணையைச் சந்தியாதான் தன் சம்பளத்திலிருந்தும், போதாததற்கு இரண்டு வளையல்களை அடகு வைத்தும் கட்டி வருகிறாள். மாதம் ஐந்தாம் தேதி சாயங்காலம் அங்கம்மாள் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து ஏலம் நடக்கும். வந்தவர்களுக்குத் தட்டில் மிக்சர் வைப்பார்கள். சீட்டை ஏற்கெனவே எடுத்தவர்கள் ஏலம் கேட்க முடியாது, தவணையைக் கட்டிவிட்டுப் பேருக்கு உட்கார்ந்திருக்க வேண்டும்.

தை மாத ஏலத்துக்கு அவள் கொஞ்சம் முன்னதாகவே போனாள். அங்கம்மாள் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். பெரிய உடம்பு, மெதுவான குரல். பக்கத்தில் உட்கார்ந்து சந்தியா கேட்டாள். "ஆயி, சீட்ட எம் பேருக்கு மாத்திக்க முடியுமா? நான்தான கட்றேன். உண்மையில என் சீட்டுதான அது."

அங்கம்மாள் ஒரு வெற்றிலையின் காம்பைக் கிள்ளினாள். "நடுவுல பேரு மாத்துறது நம்ம பழக்கம் இல்ல கண்ணு. யாரு பேர்ல தொடங்குச்சோ அவுங்க பேர்லதான் முடியணும். எங்க வூட்டுக்காரரு போனப்ப அவரு சீட்டையும் அப்டித்தான் முடிச்சேன். இன்னும் நாலு தவணைதான, போவட்டும்." வெற்றிலையை மடித்து நீட்டினாள். சந்தியா வாங்கிக்கொண்டாள், போட்டுக்கொள்ளவில்லை.

ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். விளக்கைப் போட்டார்கள். யாருடைய பேரனோ பாயின் நடுவில் தவழ்ந்து மிக்சர் தட்டைக் கவிழ்த்தான், எல்லாரும் சிரித்தார்கள். அங்கம்மாள் வழக்கம்போலச் சேர்ந்த வரிசையில் பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். பேர் வந்தவர்கள் பணத்தைத் தட்டில் வைத்துவிட்டு, வச்சாச்சு என்றார்கள்.

"அருளு."

சந்தியா எழுந்து போய் நோட்டுகளைத் தட்டில் வைத்தாள். "வச்சாச்சு."

"சுகாசினி" என்று அங்கம்மாள் அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.